பேரோசையும் ஒழுங்கும்

கண்ணுக்கு இமையை அளித்த இயற்கை செவிக்கு அத்தகைய மூடியொன்றும் அளித்திலது. காண விரும்பாததைக் கண்மூடித் தவிர்க்கலாம். கேட்க விரும்பாததையோ கையினாற் செவியைப் பொத்தியே தவிர்த்தல் வேண்டும். அதுவும் முற்றுங் கூடுவதன்று. ஆதலின் மக்கள் தம்முட் பூசலிடுங் காரணங்களுள் ஓசையும் ஒன்றாக எந்நாட்டும் இருந்து வருகின்றது. ஒருவர்க்கு இசையாவது மற்றொருவர்க்கு இரைச்சலாகின்றது. இவ்வேறுபாடு எங்ஙனம் உண்டாகின்றது, இரைச்சலென்று தோன்றிய ஒன்று பின்னர் இசையாதல் கூடுமோ என்பவற்றை, எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றனை முன்னிட்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

புதுச்சேரியில் எம் தங்கை மகன் எம்முடன் தங்கிக் கல்லூரியிற் பயின்று வருகின்றான். சென்ற ஆண்டு தந்தையை இழந்தவன். அத்துயரின்பின் பேச்சுக் குறைந்து, உணவிலும் விருப்பங் குன்றி, இரவு நெடுநேரம் கைப்பேசியும் ஹெட்போனுமாக இருக்கத் தலைப்பட்டான். எம் அன்னையார் ஒருநாள் அக்கருவியை வாங்கித் தம் செவியில் வைத்துப் பார்த்தார்; வைத்த கணமே எடுத்தெறிந்து, "இது பாட்டா? பேய் கத்துவது போல் இருக்கிறதே! பிள்ளை கெட்டுப் போவான், இதை நிறுத்து" என்று எம்மிடம் முறையிட்டார். அவ்விசைக்கு 'மரணம்' என்னுஞ் சொல்லோடு கூடிய பெயர் வழங்குவதை அறிந்தபோது எமக்கும் அச்சம் உண்டாயிற்று. அதனை விலக்கிவிட எண்ணி அவனை அழைத்தோம். அவன் சினங்கொள்ளவில்லை. "மாமா, ஒருமுறை முழுதுங் கேளுங்கள், கேட்டபின் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுகிறேன்" என்றான். நியாயமான வேண்டுகோளாதலின் உடன்பட்டோம். கேளாமலே தீர்ப்புக் கூறுதல் நடுவுநிலைமை ஆகாதன்றோ?

பெயரும் பிறப்பும்

அவ்விசை வகைக்கு ஆங்கிலத்தில் 'டெத் மெட்டல்' என்று பெயர். சொற்படி பெயர்ப்பின் 'மரண உலோகம்' என்றாகும். 'மெட்டல்' என்பது மின்கிதாரை வன்மையாக முழக்கும் இசைக்குப் பொதுப்பெயர். அதன் தோற்றத்தை ஆராய்வோர் பெரும்பாலும் 1970-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துக் 'பிளாக் சாபத்' குழுவினர் வெளியிட்ட முதல் இசைத்தட்டினின்றே தொடங்குவர். அக்குழுவின் கிதார் வாசிப்பவரான டோனி ஐயோமி என்பார் இளமையில் இரும்புத்தகட்டுத் தொழிற்சாலையில் விரல் நுனிகளை இழந்தவர். விரல்களுக்கு உறைகள் செய்துகொண்டு, கம்பிகளைத் தளர்த்தி வாசிக்கலானார். தளர்ந்த கம்பியிற் சுருதி தாழும். தாழ்ந்த சுருதியில் ஓசை கனக்கும். ஒரு தொழிலாளியின் ஊனத்தினின்று ஓர் இசைமரபின் கனம் பிறந்ததென்பது சிந்திக்கத்தக்கது. இம்மரபு அமெரிக்காவிற் பரவி, 1980-க்குப் பின்னர் விரைவும் வன்மையும் மிகுந்தது. கலிபோர்னியாவின் 'பொசெஸ்டு' குழு 1985-லும், பிளாரிடாவின் 'டெத்' குழு 1987-லும் வெளியிட்ட தொகுப்புக்கள் டெத் மெட்டலுக்கு முன்னோடிகள் என்பர்.

எம் மருகன் கேட்டதோ அவ்வகையுள்ளும் ஒரு தனிக்கிளையாகிய 'அவாங்-கார்த்' என்பதாம். இப்பிரெஞ்சுச் சொல்லின் பொருள் நம் நகரத்தார்க்கு எளிதில் விளங்கும். பிரெஞ்சுப் படையிற் பணிசெய்து ஓய்வூதியம் பெறும் 'சொல்தா' குடும்பங்கள் வாழும் ஊர் இது. பெரும்படைக்கு முன்னே சென்று வழிகண்டு முதலடியைத் தாங்கும் சிறுபடையே அவாங்-கார்த். தமிழில் தூசிப்படை என்பது அதுவே. கலையிலும், பிறர் இன்னும் அடிவையாத நிலத்திற் புகுவோரை இப்பெயராற் குறித்தனர்.

யாம் கேட்ட தொகுப்பின் பெயர் 'அப்ஸ்க்யூரா'. இருண்டது என்னும் பொருள்பட்ட இலத்தீன் சொல். கனடா நாட்டிற் பிரெஞ்சு வழங்கும் மாகாணமாகிய கெபெக்கில், ஷெர்புரூக் என்னும் ஊரில் 1989-ல் தோன்றிய 'கோர்கட்ஸ்' என்னுங் குழுவினர் 1998-ல் அதனை வெளியிட்டனர். 1991, 1993 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுப்புக்களை வெளியிட்டபின் அவர்க்கு வெளியீட்டாரின் ஆதரவு அற்றுப்போயிற்று. வாங்குவாரின்றி ஐந்தாண்டு உழைத்து ஆக்கியது இம்மூன்றாவது. லூக் லெமே, ஸ்டீவ் ஹர்டில் ஆகிய இருவர் கிதாரும் குரலும், ஸ்டீவ் க்ளூத்தியே பேஸ் கிதாரும், பாட்ரிக் ரொபேர் முரசுத்தொகுதியும் ஏற்றனர். பாட்டுக்கள் 12, கேட்குங் காலம் ஏறக்குறைய ஒருமணி நேரம்.

முதற் கேள்வி

ஒருநாள் மாலை, வீட்டார் கடற்கரைக்குச் சென்றிருந்த வேளையில், யாம் அதனைக் கேட்கத் தொடங்கினோம். உள்ளதை உள்ளவாறு கூறுதும். முதற் கணத்தில் எமக்குண்டானது தாக்குண்ட உணர்ச்சியே. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் நம் நகர்க்கருகே கரைகடந்தபோது சாளரக் கதவுகள் அதிர்ந்ததும், எத்திசையினின்று வருகின்றதென்று அறியவொண்ணாத முழக்கம் வீட்டைச் சூழ்ந்ததும் நினைவுக்கு வந்தன. கிதார்கள் கம்பிகளை வருடாது கீறின. ஒன்று இழுத்த வழியே மற்றொன்று செல்லவில்லை. முரசு ஒரு நடையில் தொடங்கி, நாம் அதனைப் பற்றுமுன் வேறு நடைக்குத் தாவிற்று. குரல் மானிடக் குரலாகத் தோன்றவில்லை. மூச்சு எம்மையறியாமலே குறுகிற்று. மூன்றாம் பாட்டளவில் இளைப்பு உண்டாயிற்று. ஆறாவதளவில் தலை கனத்தது. முடிந்தபோது அறையின் அமைதியே ஓர் ஓசைபோலச் செவியில் நின்றது. விருப்பமோ வெறுப்போ என்று எம்மாற் சொல்லக் கூடவில்லை. சிறிய இடத்திற் பெரிய தொன்று புகுந்து சென்றதை மட்டும் உணர்ந்தோம்.

இந்நிலைக்குத் தமிழிற் பெயரில்லாமலில்லை. தொல்காப்பியனார் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, அவற்றுள் மருட்கையும் அச்சமும் தனித்தனி வைத்தார். மருட்கையாவது வியப்பு, புதியது, பெரியது, மிகச் சிறியது, ஒன்று பிறிதொன்றாய் மாறியது ஆகிய நான்கிடத்து அது பிறக்கும் என்பது அவர் கருத்து. அச்சம் பிறக்கும் இடங்களுள் அணங்கையும் விலங்கையும் கூறினார். யாம் கேட்டது புதியது; பெரியது; கணந்தோறும் மாறுவது; அதன் குரலோ விலங்கின் குரல்போல்வது. மருட்கையும் அச்சமும் ஒருங்கே எழுந்தமையாலேயே எம் உள்ளம் தீர்ப்புக் கூற மாட்டாது நின்றது.

ஓசை பிறக்கும் முறை

அச்சத்துக்கு மருந்து அறிவே. இவ்வோசை எங்ஙனம் ஆக்கப்படுகின்றது என்று ஆராய்ந்தோம். முதலாவது கிதார். மின்பெருக்கி தாங்கும் அளவுக்கு மேற்பட்ட மின்னலையை அதனுட் செலுத்தின், அலையின் முடி மழுங்கி வெட்டுண்ணும். வெட்டுண்ட அலையினின்று மூலச் சுரத்தின் மேற்றொனிகள் பல புதியனவாய்க் கிளைக்கும். இரு சுரங்களை ஒருங்கே மீட்டினாலோ, அவ்விரண்டின் கூட்டமும் வேற்றுமையுமாகிய வேறு தொனிகளும் பிறக்கும். பழந்தமிழ் இசைநூலார் நரம்புகளின் உறவை இணை, கிளை, பகை, நட்பு என்று பகுத்தனர். பகை நரம்புகளைக் கூட்டாது விலக்குதல் இன்னிசையின் பொது வழக்கு. கோர்கட்ஸ் குழுவினரோ பகையானவற்றையே தேடிக் கூட்டினர். மழுங்கிய மின்னலையில் அப்பகை பன்மடங்காகிப் பெருகுகின்றது. இரண்டு கிதார் இருபதாகத் தோன்றியதன் காரணம் இதுவே.

இரண்டாவது முரசு. வாசிப்பவர் இரு கைகளோடு இரு கால்களையும் பயன்படுத்துவர். கால்மிதியினாற் பெருமுரசையும், கைக்கோலினாற் சிறுமுரசையுஞ் சல்லரியையும் இடையறாது மாறிமாறி அறையும் ஒரு முறை இவ்விசையிற் பெரிதும் வழங்குவது. விரைவு மிகுந்தவிடத்துத் தனித்தனி அடிகள் செவிக்குத் தெரியாமல், ஒரே பரப்பாக மழைபோல் விழும்.

மூன்றாவது குரல். நம் மிடற்றில் உண்மைக் குரல்நாண்களின் மேலே பொய்க்குரல் மடிப்புக்கள் என்பன உள. இயல்பான பேச்சில் அவை வாளாவிருக்கும். மூச்சை அடக்கி, அவற்றையும் அதிரச் செய்யும்போது உறுமல் பிறக்கின்றது. மங்கோலியாவை அடுத்த துவா நாட்டுப் பாடகர்கள் ஆழ்ந்த தொனியெழுப்பவும் இம்மடிப்புக்களையே பயன்படுத்துகின்றனர். நம் தெருக்கூத்தில் இரணியனோ துச்சாதனனோ திரைவிலக்கித் தோன்றும்போது எழும் ஆர்ப்பொலியைக் கேட்டவர், அது வேடத்தின் குரலேயன்றி நடிகரின் கோபம் அன்று என்பதை அறிவர். இவ்வுறுமலும் அத்தகையதே.

கருத்து யாது என்று பாட்டுக்களின் பெயர்களை நோக்கினோம். டெத் மெட்டல் குழுக்கள் பல கொலையையும் பிணத்தையும் பாடுபொருளாக்குவன. அவற்றை இளைஞர்க்கு யாம் பரிந்துரையோம். ஆயின் இத்தொகுப்பின் பெயர்கள் வேறு: மண்ணுலகக் காதல், கடந்த காலத்தின் ஏக்கம், சூக்கும உடம்பு, பரவசமான துயரம் என்று இவ்வாறு பொருள்படுவன. ஒன்பதாம் பாட்டின் பெயர் பிரெஞ்சு மொழியிலேயே உள்ளது. 'பரவசமான துயரம்' என்னும் பெயரைக் கண்டபோது எம் மருகன் இதனை ஏன் கேட்கின்றான் என்பது சிறிது விளங்கலாயிற்று.

கையிற் பெற்ற பாடம்

இரண்டாம் முறை கேட்டபோது எமக்குத் தலைவலி ஒன்றே பயனாயிற்று. மூன்றாம் முறை அவன் அருகில் வந்தமர்ந்தான். ஆறாம் பாட்டைத் தேர்ந்து, "மாமா, இது மட்டும் மெதுவான நடை; கையைத் தாருங்கள்" என்றான். 'மேகம் மூடியது' என்று பொருள்படும் பெயரும், ஒன்பது நிமிடத்துக்கு மேற்பட்ட நீளமும் உடையது அப்பாட்டு. எம் உள்ளங்கையில் தன் விரலாற் காலத்தை எண்ணித் தட்டலானான். அடிகள் மிகத் தொலைவில் நின்றன. ஓரடிக்கும் மற்றோரடிக்கும் இடையே கிதார் நீண்டு முனகிற்று. எனினும் தட்டுந்தோறும் முரசு வந்து சேர்ந்தது. ஓரிடத்திலும் அது தவறவில்லை.

அக்கணத்திற் பழைய நிகழ்ச்சியொன்று எம் நினைவில் எழுந்தது. வில்லியனூர்த் திருக்காமீசுவரர் தேரோட்டத்துக்கு, பிரெஞ்சு ஆளுநர்களும் வடம்பிடித்த அத்திருவிழாவுக்கு, அவனைச் சிறுவனாக எம் தோளிற் சுமந்து சென்றிருந்தோம். நான்கு தவில்கள் ஒருங்கு முழங்கக் கேட்டு அவன் அலறியழுதான். அப்போது அவன் சிறுகையைப் பற்றி உள்ளங்கையில் ஆதிதாளம் போட்டுக் காட்டினோம். எட்டெண்ணிக்கை முடிந்து தவில் மீண்டும் முதலெண்ணில் வந்து விழுந்தபோது அழுகை நின்றது, பின்னர்ச் சிரித்தான். அன்று யாம் கொடுத்ததை இன்று அவன் எமக்குத் திருப்பிக் கொடுத்தான்.

இதன்பின் பிற பாட்டுக்களிலும் ஒழுங்கு சிறிது சிறிதாகப் புலப்பட்டது. தாறுமாறென்று எண்ணிய தாவல்கள் அதே இடத்தில் அதே முறையில் மீண்டும் வந்தன. நால்வரும் ஒரு கணத்தில் நின்று ஒரு கணத்தில் தொடங்கினர். இது தற்செயலாக நிகழ்வதன்று. நெடுநாட் பயிற்சியால் மட்டுமே ஆவது. 'மண்ணுலகக் காதல்' என்னும் பாட்டில் வில்லிட்டு வாசிக்கும் நரம்புக்கருவியொன்றின் ஒலி முழக்கத்தினூடே வந்தது. முதன்முறை அதனை யாம் கேட்டதேயில்லை! செவி அன்றும் திறந்தே இருந்தது, உள்ளம் திறக்கவில்லை. புயலுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இதுவே. புயலை எத்தனை முறை கேட்டாலும் அடுத்த வீச்சு எப்போதென்று தெரியாது. மனிதர் இயற்றிய பேரோசையில் எண்ணுதற்கிடமுண்டு. இந்நகரின் ஆனந்தரங்கப்பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில், கோட்டையில் மரியாதைக்காக முழங்கிய பீரங்கிகளையும் இத்தனை என்று எண்ணிக் குறித்து வைத்தார். எண்ணத் தொடங்கியவனை ஓசை வெருட்டுதல் அரிது.

செவியின் வழக்கம்

பழகாத செவி தவறு செய்தல் புதிதன்று. பாரிஸ் மறைப்பணி மன்றத்தைச் சேர்ந்த அபே துய்புவா என்னும் பாதிரியார் 1792-ல் இந்தியா வந்து, 1823 வரை தென்னாட்டில் வாழ்ந்து, நம் பழக்கவழக்கங்களை விரிவாக எழுதியவர். கோயில்களின் வாத்திய இசை இந்நாட்டார்க்கு இனிதாயினும் ஐரோப்பியர் செவிக்குச் சிறிதும் இன்பந் தராது என்னுங் கருத்துப்பட அவர் எழுதியுள்ளார். முப்பதாண்டு நம்மிடை வாழ்ந்த அறிஞரின் செவிக்கும் நாகசுரம் இரைச்சலாகவே நின்றது. எம் அன்னையார் கூறியதற்கும் அவர் கூறியதற்கும் வேற்றுமை பெரிதன்று.

இதற்கு மறுதலையாகச் செவி திருந்திய வரலாறும் உண்டு. 1913-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் பாரிஸ் நகரில் ஸ்ட்ராவின்ஸ்கி இயற்றிய 'வசந்தச் சடங்கு' என்னும் ஆடலிசை முதன்முதல் அரங்கேறியபோது அவையோர் கூச்சலிட்டு ஆரவாரித்தனர். அடுத்த ஆண்டு அதே நகரில் அவ்விசை மட்டும் வாசிக்கப்பட்டபோது, மக்கள் அவரைத் தோளிற் சுமந்து சென்றனர். சுரமொன்றும் மாறவில்லை, கேட்டோர் செவியே மாறிற்று. ஒலிவியே மெசியான் (1908–1992) என்னும் பிரெஞ்சு இசைப்புலவர், சார்ங்கதேவர் 13-ஆம் நூற்றாண்டில் இயற்றிய சங்கீத ரத்நாகரத்திற் கூறப்பட்ட 120 தேசி தாளங்களைக் கற்றுத் தம் இசையிற் கையாண்டார். தம்முன்னோர் இரைச்சலென்ற நாட்டினின்றே அவர் கணக்குக் கற்றார்.

'அப்ஸ்க்யூரா'வின் வரலாறும் இவ்வாறே. வெளிவந்த காலத்து டெத் மெட்டல் விரும்புவோரே பலர் மயங்கினர். பின்னர் அது பிறர்க்கு வழிகாட்டியாயிற்று. ஜெர்மனியிற் குழுவொன்று அதன் பெயரையே தன் பெயராகக் கொண்டது. ஸ்டீவ் ஹர்டில் 2012-ல் காலமானார். லூக் லெமே 2013-ல் திபெத்தின் வரலாற்றையும், 2016-ல் பாக்தாது நகரில் விளங்கிய ஞானமாளிகையின் வரலாற்றையும் பொருளாக வைத்து இசை இயற்றினார். பின்னது 33 நிமிடம் ஓடும் ஒரே பாட்டு.

நம்மவர்க்கு இம்மரபு அயலானதென்று எண்ணற்க. சிங்கப்பூரிற் கதிர் முதலிய இளைஞர் 1992-ல் 'ருத்ரா' என்னுங் குழுவைத் தொடங்கினர். அவர்தம் முதற் தொகுப்பும் 1998-லேயே வெளிவந்தது. வடமொழி மந்திரங்களையும் வேதாந்தக் கருத்துக்களையும் டெத் மெட்டலோடு இணைத்துத் தம் இசைக்கு 'வேத மெட்டல்' என்று பெயரிட்டனர். 2005-ல் வெளிவந்த 'பிரம்மவித்யா' வரிசையின் முதற் தொகுப்பு அவ்வகையிற் பெயர்பெற்றது. உறுமுங் குரலில் ஆன்ம விசாரணையோ என்று வியப்பார்க்கு, உக்கிர மூர்த்தங்களை வணங்கும் நாட்டில் அவ்வியப்பு வேண்டுவதன்று என்போம்.

முடிவுரை

இனி யாம் கூறிய தீர்ப்பு யாது? நிறுத்தும்படி சொல்லவில்லை. 2015-ல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தார் இத்தகைய வல்லிசையை வழக்கமாகக் கேட்போர் 39 பேரைச் சினமூட்டிப் பின்னர் ஆராய்ந்தனர். அவ்விசை அவர்தம் சினத்தை மிகுவிக்கவில்லை. உள்ளத்தைத் தெளிவுறுத்தவே உதவிற்று என்று கண்டனர். ஆராய்ச்சி சிறிது, அதனைக்கொண்டு எல்லார்க்கும் விதிகூறல் ஆகாது. ஆயினும் எம் மருகன் கூறியதோடு அது பொருந்துகின்றது. "அப்பா போனபின் எனக்குள் ஓயாமல் ஓர் இரைச்சல் இருக்கிறது, மாமா. இதைக் கேட்கும்போது வெளியிலும் அப்படியே இருக்கிறது, ஆனால் இதை எண்ணமுடிகிறது" என்றான். தந்தை மறைந்தபின் அவரைப்பற்றி அவன் வாய்திறந்து பேசியது அன்றே.

ஒரு நிபந்தனை மட்டும் விதித்தோம். ஓசை எத்துணை உயரியதாயினும் செவிநரம்பு மெல்லியது, கெட்டபின் மீளாதது. உலக சுகாதார நிறுவனத்தார் 80 டெசிபெல் அளவுள்ள ஓசையை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பர். மூன்று டெசிபெல் மிகுந்தால் அக்காலம் பாதியாகக் குறையும். அவன் உடன்பட்டு அளவைத் தாழ்த்திக்கொண்டான். தாழ்த்திக் கேட்டபோது நுண்ணிய பகுதிகள் இன்னும் நன்றாகத் தெரிந்தன என்று அவனே சொன்னான். எம் அன்னையார் இன்றும் அதனைப் பாட்டென்று ஒப்பவில்லை. "சாப்பிட்டுவிட்டுக் கேள்" என்பதோடு அமைந்துவிட்டார்.

மாணவ நண்பர்காள்! யாவரும் இவ்விசையை விரும்புக என்று யாம் வற்புறுத்தவில்லை. எமக்கே இன்னும் முழுதும் இனிக்கவில்லை. யாம் கற்றது ஒன்று: ஒழுங்கில்லையென்று நமக்குத் தோன்றுவதனைத்தும் ஒழுங்கற்றதன்று, நாம் எண்ணத் தெரியாத ஒழுங்காகவும் இருக்கலாம். அதனை அறிந்தவன் அருகிலிருந்து கைநீட்டினால், கையைக் கொடுத்துப் பார்த்தல் நன்று. அத்தொகுப்பின் கடைசிப் பகுதிக்கு 'இனிய மௌனம்' என்பது பெயர். முதன்முறை அம்மௌனத்தை விடுதலையாகவே வரவேற்றோம். இப்போதோ, அது வருமுன் இன்னும் எத்தனை அடிகள் என்று எம் விரல்கள் தாமே எண்ணுகின்றன.